பாய்மரப் பயணம் – வேண்டுமா, வேண்டாமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில்)



இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது ஒரு படம். ஒரு நாள் நூலக வகுப்பில் நாங்கள் ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஒடுங்கிய தோணி ஒன்றின் படம் இருந்தது. தோணியின் இருபுறமும் இரண்டு மிதவைக் கட்டைகள். நடுவே ஒரு முக்கோணப் பாய். உள்ளே மூன்று வெள்ளைக்காரர்கள். அவர்களில் ஒருத்தி எங்களைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். வெயிலில் முகம் கன்றிச் சிவந்திருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தோணியின் பெயர் 'ங்கலாவா'. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் தான்சானியா, சான்சிபார் பக்கத்து மீனவர்கள் மரத்தைக் குடைந்து செய்துகொள்ளும் படகு அது. இப்போது அயல்நாட்டவர் விடுமுறைக்கு அங்கே வந்து, பணம் கொடுத்து அதில் ஏறுகிறார்கள். காற்றை நம்பித் தீவுக்குத் தீவு போகிறார்கள். இரவில் மணலிலே படுத்துறங்குகிறார்கள். ஓட்டலும் இல்லை, மின்விசிறியும் இல்லை. இதற்குப் பெயர் உல்லாசப் பயணமாம்!

படத்தைப் பார்த்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "நம் கரையில் மட்டும் ஏன் இப்படி ஒன்று இருக்கக்கூடாது? நம்மிடம் கட்டுமரம் இல்லையா, வள்ளம் இல்லையா?" என்றார்கள் பனங்காட்டுப் பக்கத்திலிருந்தும் நகரத்திலிருந்தும் வரும் தோழியர். கடற்கரை ஊர்களிலிருந்து வருபவர்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்கள் அப்பா பிழைப்புக்காகப் படுகிற பாட்டைக் காசு கொடுத்துப் படுவதற்கு ஆளா?" என்று கேட்டார்கள். சிரிக்காமல் இருந்தவள் ஒருத்திதான். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

வாக்குவாதம் முற்றவே, சிஸ்டர் எங்களை அடக்கிவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார்கள். "கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர்?" பதினேழு கைகள் உயர்ந்தன. "அவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள்?" ஐந்து கைகள். "கரை கண்ணுக்கு மறையும் தூரம் வரை ஒரு தடவையாவது படகில் போனவர்கள்?" ஒரு கைகூட உயரவில்லை. திருவிழா நாளில் அலங்கரித்த படகில் ஏறிக் கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர்கள் இரண்டே பேர். வகுப்பு சட்டென்று அமைதியாகிவிட்டது. தான்சானியாவுக்குப் போன வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கிடைத்தது, கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கிடைக்கவில்லை. இதைப் பற்றி நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

அன்று தொடங்கிய விவாதம் ஒரு மாதம் நடந்தது. வீட்டிலும் கேட்டோம், நூலகத்திலும் தேடினோம். பாரம்பரியப் படகுகளில் சாகசப் பயணம் என்பது நம் கரைக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதில் நாங்கள் வந்து சேர்ந்த முடிவை இங்கே எழுதுகிறோம். பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

முதலில், நம் கடலோடிகளின் பெருமையை நாமே மறந்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உலகம் முழுவதும் இரட்டை உடல் கொண்ட படகை 'கேட்டமரான்' என்கிறார்கள். அது நம் 'கட்டுமரம்' என்ற சொல்லேதான். சோழமண்டலக் கரையில் தான் கண்ட கட்டுமரத்தைப் பற்றி டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697இல் வெளியான தம் பயண நூலில் எழுதினார். அந்தச் சொல் ஆங்கிலத்துக்கும் போயிற்று. 1876இல் அமெரிக்காவில் ஹெர்ரஷாஃப் என்பவர் இரண்டு உடல்களை இணைத்து வேகமான பாய்ப்படகு ஒன்றைச் செய்தார். பிற்காலத்தில் அத்தகைய படகுகளுக்கெல்லாம் நம் சொல்லே பெயராகிவிட்டது. ஆனால் நம் கட்டுமரம் இரட்டைப் படகு அன்று. இலேசான மரங்களை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் இறுகக் கட்டியது. ஆணி கிடையாது. அலை மேலே விழுந்தால் தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும், மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காய வைக்கலாம். பெயரை எடுத்துக்கொண்ட உலகம் பொருளை மறந்துவிட்டது. நாம் இரண்டையுமே மறந்துகொண்டிருக்கிறோம்.

சென்னையில் துறைமுகம் கட்டப்படாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்குமாம். அங்கிருந்து வெள்ளைக்காரப் பிரபுக்களையும் சீமாட்டிகளையும் கரை சேர்த்தவை 'மசூலா' என்ற படகுகள். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவை அவை. ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதி உடைந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். மசூலாவுக்குத் துணையாகக் கட்டுமரக்காரர்கள் வருவார்கள். யாராவது தவறித் தண்ணீரில் விழுந்தால் பாய்ந்து தூக்குவது அவர்கள் வேலை. ஆகவே அயல்நாட்டாரை நம் படகில் ஏற்றுவது இன்று புதிதாக வந்த வழக்கம் அன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அலையைத் தாண்டும் நேரத்தில் பிரபுவின் சொல் அங்கே செல்லாது. படகுக்காரர் சொல்லே செல்லும்.

இரண்டாவதாக, இந்த அறிவு எங்கள் கண் முன்னாலேயே மறைந்து வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமிக்குப் பின் ஊர் ஊராகப் பைபர் படகுகள் வந்தன. எஞ்சின் வந்தது, பாய் பரணுக்குப் போயிற்று. இதை நாங்கள் குறை சொல்லவில்லை. எஞ்சின் இருப்பதால்தான் அப்பா மாலைக்குள் வீடு திரும்புகிறார். ஆனால் காற்றைப் பார்த்துப் பாயைத் திருப்பத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்களில் இப்போது தாத்தாக்கள் மட்டுமே.

எங்களில் ஒருத்தியின் தாத்தா சிறுவயதில் தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவர். அவரைப் பார்க்க நாங்கள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளின் பெயரை உறவினர் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். தோணியின் முன்பக்கத்துக்கு அணியம் என்று பெயர். பாயைத் தாங்கும் குறுக்குக் கழி பருமல். பாயை இழுத்துக் கட்டும் கயிறு தாமான். தலைவர் தண்டல். கோயில் கோபுரத்தையும் உயர்ந்த பனையையும் ஒரு கோட்டில் நிறுத்திப் பார்த்தே கடலில் தாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்களாம். எங்கள் பாடப்புத்தகத்தில் இவற்றில் ஒரு சொல்கூட இல்லை.

வெளிநாட்டார் இதற்காகப் பணம் கொடுத்து வருகிறார்கள் என்று சொன்னதும் தாத்தா நம்பவே இல்லை. "மக்கா, காத்து விழுந்துபோச்சின்னா மூணு நாள் கிடந்த எடத்துலயே கிடப்போம். குடிக்கத் தண்ணி அளந்து குடுப்பாங்க. அதையா காசு குடுத்து வாங்குறான்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, வரட்டும். ஏறுறவன் ராசாவா இருந்தாலும் தண்டல் சொன்னாத்தான் பாய் ஏறும். அதுக்குச் சம்மதம்னா வரட்டும்" என்றார். எங்கள் விவாதத்துக்குப் பாதி விடை அதிலேயே இருந்தது என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

பாய்மரப் பயணத்தால் இந்த அறிவு பிழைக்குமா? பிழைக்கலாம் என்பதற்கு இந்தோனேசியாவைச் சொல்லலாம். அங்கே தெற்குச் சுலவேசியில் 'பினிசி' என்னும் மரக்கப்பல்களைக் கட்டும் கலையை 2017இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. தானா பேரு முதலிய கடற்கரை ஊர்களில் இன்றும் தச்சர்கள் மணலிலேயே கப்பல் கட்டுகிறார்கள். சரக்கேற்றும் வேலை குறைந்துபோன பின்பும் அவர்களுக்கு வேலை இருப்பதற்குச் சுற்றுலாப் பயணிகளும் ஒரு காரணம். கொமோடோத் தீவுகளைச் சுற்றிக் காட்டப் பினிசிகள் வேண்டியிருக்கின்றன அல்லவா?

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தப் பினிசிகள் பலவற்றில் இப்போது கப்பலை ஓட்டுவது டீசல் எஞ்சின். பாய் வெறும் அழகுக்கு. அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 'கெட்டுவள்ளம்' என்பது பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. ஒரு காலத்தில் அது குட்டநாட்டு நெல்லைச் சுமந்தது. 1990களில் அதன் மேல் அறைகள் கட்டிப் படகு வீடாக்கினார்கள். தொழில் பெருகிற்று, பலருக்குப் பிழைப்புக் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் வேம்பநாட்டுக் காயலில் படகு வீடுகள் அளவுக்கு மீறிப் பெருகிக் கழிவும் எண்ணெயும் தண்ணீரில் கலக்கின்றன. கழி ஊன்றி வள்ளத்தைச் செலுத்தியவருக்கு வந்த வேலை தேநீர் தருவது. படகு பிழைத்தது, படகோட்டியின் அறிவு பிழைக்கவில்லை. இது நமக்கு ஒரு பாடம்.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று பிரேசிலில் கிடைத்தது. அந்த நாட்டின் வடகிழக்குக் கரையில், மரங்களைச் சேர்த்துக் கட்டி நடுவில் பாய் விரித்த ஒரு மிதவை உண்டு. நம் கட்டுமரத்தின் தங்கை என்றே சொல்லலாம். பெயர் 'ஜங்காடா'. மலையாளத்துச் 'சங்ஙாடம்' என்ற சொல்லைப் போர்ச்சுக்கீசியர் கொண்டுபோனதால் அந்தப் பெயர் வந்தது. நம் தமிழ் அகராதியிலும் 'சங்கடம்' என்றால் இரட்டைத் தோணி என்று ஒரு பொருள் உண்டு. நாங்கள் அறிந்திருந்தது மற்றச் சங்கடத்தை மட்டுமே!

1941இல் ஃபோர்த்தலேசா நகரத்து ஏழை மீனவர்கள் நான்கு பேர் ஒரு ஜங்காடாவில் ஏறி, 61 நாட்கள் கடலில் பயணம் செய்து, தலைநகராக இருந்த ரியோ டி ஜெனிரோவை அடைந்தார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். திசைகாட்டும் கருவி இல்லை. உல்லாசத்துக்காக அவர்கள் போகவில்லை. முதுமையில் தங்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, இறந்தால் குடும்பத்துக்கு ஆதரவு கிடையாது என்று ஜனாதிபதியிடம் நேரில் முறையிடப் போனார்கள். தலைவர் பெயர் ஜக்கரே. நாடே திரண்டு அவர்களை வரவேற்றது. மீனவரையும் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்க ஜனாதிபதி இசைந்தார்.

பிறகு நடந்ததைப் படித்தபோது எங்களுக்கு மனம் கனத்தது. அமெரிக்காவின் புகழ் பெற்ற திரைப்பட இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் அந்தப் பயணத்தைப் படமெடுக்க வந்தார். படத்துக்காக அந்த நால்வரும் மீண்டும் மிதவையில் ஏறி நடித்தார்கள். 1942 மே மாதத்தில் ரியோவுக்கு அருகே ஓர் அலையில் மிதவை கவிழ்ந்தது. மற்றவர்கள் தப்பினார்கள். 61 நாள் கடலை வென்ற ஜக்கரே அன்று மூழ்கிப்போனார். பிழைப்புக்குப் போனாலும் நடிப்புக்குப் போனாலும் கடலுக்கு எல்லாம் ஒன்றுதான். 'இது விளையாட்டு' என்று நாம் சொல்லலாம். அலைக்கு அது தெரியாது. சாகசப் பயணம் நடத்த விரும்புகிற எவரும் இந்தக் கதையை முதலில் படிக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். 2017 பிப்ரவரியில் மணப்பாட்டுக் கடலில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து மீண்டும் 22 உயிர்கள் போயின. அவர்களில் குழந்தைகள் எத்தனையோ பேர். மீனவர் படகைக் கெட்டது என்று இவை காட்டவில்லை. நான்கு பேருக்கான இடத்தில் பத்துப் பேரை ஏற்றியது யார், 'இன்று வேண்டாம்' என்று சொல்ல வேண்டியவர் ஏன் சொல்லவில்லை என்பதே கேள்வி. காசு முன்னால் நின்றால் எச்சரிக்கை பின்னால் போய்விடுகிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஆழம் தெரிந்தவரும் காசுக்காகக் காலை விட்டால் என்ன செய்வது?

ஆகவே, வேண்டுமா வேண்டாமா என்றால், 'வேண்டும். ஆனால் சில கட்டுப்பாடுகளோடு வேண்டும்' என்பது எங்கள் முடிவு. அந்தக் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

ஒன்று. தண்டலே தலைவர். புறப்படுவதா இல்லையா, திரும்புவதா இல்லையா என்பதை முடிவு செய்யும் உரிமை அவருக்கே இருக்க வேண்டும். நகரத்தில் உட்கார்ந்து பணம் வாங்குபவருக்கு அந்த உரிமை கூடாது. பயணம் நின்றுபோனாலும் அன்றைய கூலி தண்டலுக்குக் கிடைக்க வேண்டும். அப்போதுதான் அவரால் பயமின்றி 'இன்று வேண்டாம்' என்று சொல்ல முடியும்.

இரண்டு. காலம் அறிந்து போக வேண்டும். இராமேசுவரத்துப் பக்கம் பாக்கு நீரிணைக் கடலைப் 'பெண் கடல்' என்றும், மன்னார் வளைகுடாக் கடலை 'ஆண் கடல்' என்றும் சொல்வார்கள். ஒன்று அடங்கியது, மற்றது ஆர்ப்பரிப்பது என்று பொருளாம். (இப்பெயர்களை வைத்தது ஆண்களா, பெண்களா என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். யாருக்கும் விடை தெரியவில்லை.) ஆனால் அந்தப் பெண் கடலும் வடகிழக்குப் பருவக்காற்றில் பொங்கி எழும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எந்தக் கடலையும் விட்டுவைக்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாய் எந்த மூலைக்கு? அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாய்மரப் பயணமே கூடாது. தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா கூடாது. பொங்கலுக்குப் பிறகு சித்திரை வரையிலான சில மாதங்களே ஏற்றவை என்கிறார்கள் பெரியவர்கள்.

மூன்று. கடலுக்கும் உயிர் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஏற்படுத்தினார்கள். அங்கே பவளப் பாறைகள் இருக்கின்றன. கடற்புல் மேயும் ஆவுளியா இருக்கிறது. அத்தீவுகளில் அனுமதியின்றிக் கால் வைக்கக்கூடாது என்பது சட்டம். ஆப்பிரிக்காவில் செய்வதுபோல் தீவுதோறும் கூடாரம் அடிப்பது இங்கே நடக்காது, நடக்கவும் கூடாது. பவளத்தின் மேல் ஒரு நங்கூரம் விழுந்தால் பல ஆண்டுகளாக வளர்ந்தது ஒரு நொடியில் நொறுங்கிவிடும். ஆகவே கரையோரமாகவே போய், இரவில் கரையோர ஊர்களிலே தங்க வேண்டும். இலங்கைக் கடல் எல்லை அருகில் இருப்பதால் கடலோரக் காவல் படையிடம் முன்கூட்டியே தெரிவிப்பதும் அவசியம்.

நான்கு. பணம் ஊருக்கு வர வேண்டும். விருந்தினர் தங்குவதும் உண்பதும் மீனவர் வீடுகளில் இருக்கட்டும். எங்கள் அம்மாக்கள் வைக்கும் மீன் குழம்புக்கு எந்த ஓட்டலும் ஈடாகாது என்று நாங்கள் துணிந்து சொல்வோம். தலையில் கூடையைச் சுமந்து ஊர் ஊராக மீன் விற்கும் தாய்மாருக்கு வீட்டிலிருந்தபடியே ஒரு வருமானம் வந்தால் நல்லதல்லவா?

ஐந்தாவது கட்டுப்பாடே எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரியது. அன்று வகுப்பில் சிரிக்காமல் இருந்த தோழியைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம் அல்லவா? 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக் கடலில் ஒக்கிப் புயல் அடித்தபோது அவளுடைய அப்பா கடலில் இருந்தார். எச்சரிக்கை வரும் முன்பே அவர்கள் ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அந்தப் புயலில் தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பி வரவில்லை. அவரும் திரும்பவில்லை. அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. விவாதம் நடந்த நாட்களில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாங்களும் அவளைக் கேட்கத் தயங்கினோம். எங்கள் விவாதமே அவளைப் புண்படுத்திவிட்டதோ என்று ஒருத்தி அழவும் செய்தாள்.

கடைசி நாளில் அவளாகவே எழுந்தாள். "முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா போன கடலில் வேடிக்கைக்குப் போகிறார்களே என்று நினைத்தேன். இப்போது கோபம் இல்லை. வரட்டும். ஆனால் வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள், வயர்லெஸ் கொடுப்பார்கள், ஆபத்து என்றால் தேடப் படகு அனுப்புவார்கள். என் அண்ணன் இப்போது தினமும் கடலுக்குப் போகிறான். அவனுக்கும் அதெல்லாம் வேண்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வகுப்பில் யாரும் பேசவில்லை. அவள் சொன்னதையே ஐந்தாவது கட்டுப்பாடாக எழுதிக்கொண்டோம். பத்து நாள் விருந்தினருக்குக் கொடுக்கும் பாதுகாப்பு, ஆயுள் முழுதும் கடலில் உழைப்பவருக்கும் கிடைக்க வேண்டும். அது கிடைக்காத ஊரில் சாகசப் பயணம் நடத்துவது முறையன்று. இந்தத் தொழிலில் வரும் வருமானத்தில் ஒரு பகுதியை முதலில் இதற்கென்று ஒதுக்கலாம். சட்டமும் சங்கமும் எப்படி அமைய வேண்டும் என்று சொல்ல எங்களுக்கு வயது போதாது. ஆனால் நியாயம் எது என்று தெரிந்துகொள்ளப் பதினைந்து வயது போதும்.

முடிப்பதற்கு முன் எங்கள் விஷயத்துக்கு வருகிறோம். பெண்பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். பாம்பன் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் இன்றும் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். 2017 செப்டம்பரில் நம் கடற்படையைச் சேர்ந்த ஆறு பெண் அதிகாரிகள் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரக் கப்பலில் புறப்பட்டு உலகைச் சுற்றி, 254 நாட்களுக்குப் பிறகு 2018 மே மாதம் திரும்பினார்கள். 2024 அக்டோபரில் அதே கப்பலில் இரண்டே பெண் அதிகாரிகள், தில்னாவும் ரூபாவும், புறப்பட்டு 2025 மே மாதம் உலகைச் சுற்றி வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ரூபா அழகிரிசாமி நம் பக்கத்துப் புதுச்சேரியைச் சேர்ந்தவர். உலகத்தைச் சுற்றப் பெண்ணால் முடியும் என்றால், அப்பாவின் வள்ளத்தில் ஒரு காலை நேரம் போய்வர மகளால் முடியாதா?

எல்லா வீட்டிலும் உடனே இதற்கு இசைவார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எங்களில் ஒருத்தி கேட்டுப் பார்த்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அம்மாக்களின் பயம் எங்களுக்குப் புரிகிறது. கரையில் நின்று காத்திருப்பவர்களுக்கே கடலின் கொடுமை முழுவதும் தெரியும். ஆனால் பயத்துக்கு மருந்து தடை அன்று, பழக்கம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நீந்தத் தெரியாமல் கடலோரத்தில் வாழ்வது, நீந்தத் தெரிந்து கடலில் போவதைவிட ஆபத்தானது அல்லவா?

ஆகவே பெற்றோரிடமும் பள்ளியிடமும் இரண்டே வேண்டுகோள்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள், தை மாசி மாதங்களில், அனுபவமுள்ள தாத்தாக்கள் தண்டலாக இருக்க, லைஃப் ஜாக்கெட் அணிந்து, கரையோரமாக ஒரு மணி நேரம் பாய்மரத்தில் போய்வர எங்களை அனுமதியுங்கள். தான்சானியாவுக்கு அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லையே!

நாங்கள் அடுத்த ஆண்டு இந்த வகுப்பில் இருக்க மாட்டோம். எங்களுக்குப் பின் வரும் தங்கைகளிடம் சிஸ்டர் அந்த மூன்று கேள்விகளை மறுபடியும் கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்கு அப்போது ஒரு கையாவது உயர வேண்டும் என்பதே எங்கள் ஆசை. அயல்நாட்டார் வரட்டும், மகிழ்ந்து போகட்டும். அவர்கள் ஏறும் வள்ளத்தில் எங்களுக்கும் ஓர் இடம் இருக்கட்டும். கரையில் எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வரட்டும்.